பின்வாசல் வழியாக வேலைக்குப் போன நாள்

துறைமுகத்துக்குப் போகும் சாலையில் உள்ள ஓர் அரசு அலுவலகத்தில் பத்து வருஷத்துக்கு மேல் டைப் அடித்தேன். ஆனால் நான் அரசு ஊழியர் இல்லை. பழைய டைப்பிஸ்ட் அம்மா ரிட்டயர் ஆனபோது அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை; ஓர் ஏஜென்சிக்காரன் என்னைக் கொண்டுவந்து அந்த நாற்காலியில் உட்கார வைத்தான். அப்புறம் டிரைவர் போனார், வாட்ச்மேன் போனார், கடைசியில் ஃபைல் எடுத்துக் கொடுக்கும் அண்ணாச்சியும் போனார். அண்ணாச்சி இடத்துக்கு ஏஜென்சி ஆள்கூட வரவில்லை. ஊரே குரூப் ஃபோர் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தது. நானும் வயது வரம்பு தாண்டும்வரை எழுதிப் பார்த்தேன். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல?

ஏஜென்சியின் ஒப்பந்தம் முடிந்து புதுசு போடும்போதெல்லாம், நடுவில் ஒரு நாள் எங்களை நிறுத்திவிடுவார்கள். அதற்குப் பெயர் பிரேக். தொடர்ச்சியாக வேலை பார்த்தேன், நிரந்தரமாக்குங்கள் என்று யாரும் கோர்ட்டுக்குப் போய்விடக் கூடாதல்லவா! ஆனால் அன்றைக்கும் தபால் வரும், மேலிடத்துக்கு அறிக்கை போக வேண்டும். அதனால் பிரேக் அன்றும் நாங்கள் வருவோம். அடையாள அட்டையை வீட்டில் வைத்துவிட்டு, உப்பு லாரிகள் நிற்கும் சந்தில் நுழைந்து, பின்வாசல் வழியாக. கையெழுத்துக் கிடையாது. வாருங்கள் என்று யாரும் எழுத்தில் சொல்ல மாட்டார்கள். வராதவர்களை அடுத்த ஒப்பந்தத்தில் எடுக்க மாட்டார்கள், அவ்வளவுதான். என்றைக்காவது நிரந்தரமாக்கினால் இதையெல்லாம் நினைத்துப் பார்ப்பார்கள் என்று எனக்கு ஒரு நப்பாசை வேறு. கிறுக்கச்சி!

அப்படி ஒரு பிரேக் நாளில் கண்காணிப்பாளர் பழைய ஃபைல் ஒன்றைக் கேட்டார். எடுத்துக் கொடுக்க அண்ணாச்சி இல்லையே. ஸ்டூலைப் போட்டு நானே ஏறினேன். மேல்தட்டிலிருந்து ஃபைல் கட்டை இழுத்ததும் ஸ்டூல் சாய்ந்தது. வலது கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது.

கண்காணிப்பாளர் நல்ல மனுஷன்தான். பதறிப்போய், தன் பைக்கிலேயே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். சீட்டு எழுதும் இடத்தில் நான் வாயைத் திறப்பதற்குள், "வீட்டுல வழுக்கி விழுந்துட்டாவ" என்று சொல்லிவிட்டார்.

"என்ன சார் இப்படிச் சொல்லுதீய?"

"நான் என்னம்மா செய்ய? இன்னைக்கு நீ ஆபீஸுக்கே வரலல்லா."

அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது.

ஏஜென்சிக்குப் போன் போட்டேன். "நேத்தோட உங்க காண்ட்ராக்ட் முடிஞ்சுட்டு மேடம். புதுசு நாளைக்குத்தான் ஆரம்பம். நடுவுல விழுந்தா நாங்க என்ன செய்ய?" என்றான். வேலையில் அடிபட்டதற்கு உண்டான எந்த உதவியும் கிடைக்கவில்லை.

கை கூடியது, ஆனால் கோணலாக. விரல்களுக்குப் பழைய வேகம் வரவில்லை. என் நாற்காலியில் முத்தையாபுரத்திலிருந்து வரும் ஒரு பிள்ளையை உட்கார வைத்துவிட்டார்கள். பி.ஈ. படித்தவள். எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று கேட்டு அவ்வப்போது போன் செய்வாள். ஒருமுறை வீட்டுக்கே வந்து என் கையைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனாள். அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

போன வாரம் ஒரு சாயங்காலம் கூப்பிட்டாள். "அக்கா, நாளைக்கு பிரேக்காம். ஆனா வரச் சொல்லுதாவ. என்ன செய்யட்டும்?"

"போவாதளா! என் கையப் பாத்தேல்லா? விழுந்தா ஒரு பய எட்டிப் பாக்க மாட்டான். பேசாம வீட்டுல இரி."

அவள் பக்கம் பஸ் இரைச்சல் கேட்டது.

"போவலன்னா வேலைய விட்டு எடுத்துருவாவளாக்கா?"

எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. ஆமாம் என்றேன்.

"அப்ப பின்வாசல் எத்தன மணிக்குத் தொறப்பாவ?"

"ஒம்பதுக்கு," என்றேன். "ஸ்டூல்ல மட்டும் ஏறாதளா."