மாப்பிள்ளையோடு ஓர் ஆட்டம்

உத்தரகோசமங்கைப் பக்கம் எங்கள் ஊர். அக்காவைப் பெண் பார்க்க இராமேஸ்வரத்திலிருந்து வந்தவர்கள் கேசரி சாப்பிட்டு முடித்ததும் பேச்சு கொஞ்சம் நின்றுபோயிற்று. அப்போதுதான் அம்மாவின் தம்பியான மாமா என்னை இழுத்து முன்னால் விட்டார். ஏழாம் வகுப்புச் சிறுமியான நான், ராமநாதபுரத்தில் நடந்த பள்ளிப் போட்டியில் செஸ் ஆடி ஓர் எவர்சில்வர் தூக்குவாளி வாங்கியிருந்தேன். மாப்பிள்ளைக்கும் செஸ் தெரியும் என்றதும் மாமா பலகையைக் கொண்டுவந்து விரித்துவிட்டார்.

மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே ஆடினார். என்னைச் சீக்கிரம் அனுப்பிவிட நினைத்தாரோ என்னவோ, சிப்பாய்களை மளமளவென்று முன்னால் தள்ளினார். அவை தாண்டிப் போனபின் அவர் பக்கத்துக் கட்டங்கள் காவலின்றிக் கிடந்தன. என் குதிரை ஒன்றை அங்கே கொண்டுபோய் நிறுத்தினேன். அதை விரட்ட அவரிடம் ஒரு சிப்பாயும் இல்லை. இன்னொரு குதிரையும் போய்ச் சேர்ந்ததும் அவருடைய சிரிப்பு நின்றது.

"ஏத்தா, பாத்து ஆடு," என்றார் அய்யா; அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம். நான் இன்னும் கவனமாக ஆடினேன். குதிரை ஒரே தாவலில் ராஜாவுக்குச் செக் வைத்தது. ராணியும் அதே குதிரையின் வெட்டில் மாட்டியது. ராஜா நகர்ந்தது, ராணியை எடுத்தேன்.

மாப்பிள்ளை காய்களைக் கலைத்தார். அவருடைய அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "போயிட்டுச் சொல்லி விடுறோம்," என்றார். சொல்லியும் விட்டார்கள். பெண்பிள்ளைகளை அடக்கி வளர்க்காத வீடாம்.

அம்மா என்னோடு பேசுவதை நிறுத்தினாள். பலகையை விரித்த மாமாவே, "ஒரு ஆட்டத்த விட்டுக் குடுத்தா கொறஞ்சா போயிருவ?" என்று கேட்டார். குழாயடியில் பெண்கள் என்னைக் காட்டிப் பேசினார்கள். அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். அக்காவின் முகத்தைப் பார்க்கத்தான் கூசியது. பலகையை நெல் மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்துவிட்டு, தட்டோடு மாட்டுக்கொட்டத்துக்குப் போய்ச் சாப்பிட்டேன்.

அக்கா அந்தப் பலகையைத் தேடி எடுத்துக்கொண்டு கொட்டத்துக்கே வந்துவிட்டாள். நான் அழுதேன்.

"அழுகாத. அந்தக் குதிர எங்கன நின்னுச்சு, வச்சுக் காட்டு."

வைத்துக் காட்டினேன்.

"இத அவரால ஒண்ணுமே பண்ண முடியலையா?"

"சிப்பாயெல்லாம் தாண்டிப் போயிருச்சுக்கா. திரும்ப வர முடியாது."

இன்னொரு தரம் ஆடிக் காட்டச் சொன்னாள். ராணி விழும் இடம் வந்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள்.

அக்காவுக்குச் செஸ் மேல் ஆசை வந்துவிட்டது என்று நினைத்து, மறுநாளே அவளுக்குச் சொல்லித்தரத் தொடங்கினேன். குதிரை எப்படி நகரும் என்பதைக்கூட அவள் கற்றுக்கொள்ளவே இல்லை.