கொழுந்துக் கொட்டகையில் ஒரு அப்டேட்

அந்தச் சனிக்கிழமை தேயிலைக் கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் இருந்தவர்கள் ஐந்து பேர். ஆபீசில் கணக்கு எழுதுகிற, அங்கிருந்து இறங்கி வந்த பெரிய கிராணி. மலையில் ஆட்களை மேய்க்கும் கங்காணி. தராசு மென்பொருளை விற்ற கம்பெனியின் ஆளாக ஈப்போவிலிருந்து ஏறி வந்த ஒரு அண்ணன். தராசையும் அதோடு இணைந்த கம்ப்யூட்டரையும் பார்த்துக்கொள்ளும் அக்கா. அப்புறம், சின்னக் கிராணியாகச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத நான். வராதவர்கள் இரண்டு பேர். எஸ்டேட் மேனேஜரான துரை தானா ராத்தா டவுனில் கூட்டம் என்று போய்விட்டார். அந்தக் கம்ப்யூட்டரை முதன்முதலில் அமைத்துக் கொடுத்தவர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வெகு காலம் ஆகிறது. வழக்கமாக எங்கள் எஸ்டேட்டில் வராதவன் மேல்தான் பழி போகும். அன்று அது வந்திருந்த ஒருத்தி மேல் விழுந்துகொண்டிருந்தது.

விஷயம் இதுதான். தராசில் கூடை ஏறினால் எடை கம்ப்யூட்டருக்குள் போகும்; அன்றன்றைய எடை ஒரு கோப்பாகச் சேரும். தராசின் தலையிலேயே உள்ள சின்ன பிரிண்டர் ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுக்கும். சம்பளம் அந்தச் சீட்டை வைத்துத்தான், அதனால் யாருக்கும் குறையவில்லை. ஆனால் காலாண்டு முடிவில் பெரிய கிராணி பென்டிரைவில் எடுத்துப் பார்த்தபோது கடைசி சில வாரங்களின் கோப்புகள் இல்லை. ஒன்றுகூட இல்லை. கொட்டகைச் சாவி அக்காவிடம் மட்டும்தான் இருக்கிறது. 'திங்கட்கிழமை காலைக்குள் யார் அழித்தது என்று தெரிய வேண்டும், இல்லையென்றால் அந்தப் பெண்ணை நிறுத்துங்கள்' என்று துரை சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அக்காவின் வீட்டுக்காரர் திரிங்காப்பில் காய்கறி லோரி ஓட்டுகிறார். எஸ்டேட்டில் அவருக்கு வேலை இல்லை. அவர்கள் இருக்கும் லைன் வீடு அக்காவின் வேலையை ஒட்டிக் கிடைத்தது. வேலை போனால் மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அக்கா மட்டும் காலையிலிருந்து கொட்டகையின் சிமெண்டுத் தரையைத் திரும்பத் திரும்பக் கூட்டிக்கொண்டிருந்தார்.

ஈப்போ அண்ணன் ஒரு வழி சொன்னார். அவர்கள் மென்பொருளின் புதுப் பதிப்பில் யார் எந்தக் கோப்பைத் தொட்டார்கள் என்று காட்டும் வசதி இருக்கிறதாம். அதை ஏற்றினால் திருடன் அகப்படுவான். ஏற்ற வேண்டியவன் நான், ஏனென்றால் பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் படித்தவன் இந்த எஸ்டேட்டில் நான் ஒருவன்தான். எங்கள் வீட்டிலோ பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்ததே நான் ஒருவன்தான். அம்மா இன்னும் கொழுந்துக்குப் போகிறார். அவர் சீட்டும் இதே தராசிலிருந்துதான் வருகிறது.

அந்தக் கம்ப்யூட்டரில் ஓடுவது யூனிக்ஸ் வகையைச் சேர்ந்த இலவச சிஸ்டம். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, மவுஸ் கிடையாது. அதில் எனக்குப் பிடித்த ஒரு ஒழுங்கு உண்டு. சிஸ்டத்தோடு வருவது ஒரு பக்கம் இருக்கும். வெளியாட்கள் எழுதிய மென்பொருளெல்லாம் தனியே இன்னொரு பக்கம் போய் உட்காரும். எங்கள் லைன் வீடு மாதிரி. வீடு எஸ்டேட்டுடையது, பின்பக்கம் தகரம் போட்டு நாங்கள் இழுத்துக் கட்டிய குசினி எங்களுடையது. குசினி ஒழுகினால் துரையிடம் போய்க் கேட்க முடியாது. அதனால் குசினிக்குள் எதைக் கொண்டு வந்தாலும் பார்த்துக் கொண்டு வர வேண்டும். வெளி மென்பொருள் ஒவ்வொன்றும் முத்திரை போட்ட பேக்கேஜாக இணையத்தில் ஒரு களஞ்சியத்தில் இருக்கும். அப்டேட் கட்டளை கொடுத்தால் சிஸ்டம் முதலில் களஞ்சியத்தின் சான்றிதழைப் பார்க்கும், பிறகு பேக்கேஜின் முத்திரையைப் பார்க்கும், அதற்கப்புறம்தான் உள்ளே விடும்.

கொட்டகையில் இணையம் கிடையாது. என் கைப்பேசியை ஜன்னல் விளிம்பில் சிக்னல் கிடைக்கும் இடமாகப் பார்த்து வைத்து, அதன் வழியே கம்ப்யூட்டரை இணைத்தேன். கட்டளையை அடித்தேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அது சொன்னது: சான்றிதழைச் சரிபார்க்க முடியவில்லை. மறுபடி அடித்தேன். அதே பதில்.

"என்னாவாம்?" என்றார் பெரிய கிராணி.

"களஞ்சியத்த நம்ப மாட்டேங்குதுங்கய்யா."

"மெஷினுமா?" என்றார் கங்காணி. "சரிதான். இந்த எஸ்டேட்டு தண்ணிய குடிச்சிருச்சு."

ஈப்போ அண்ணன் மணிக்கட்டைப் பார்த்தார். நாலு மணிக்கு மேல் மலையில் பனி இறங்கினால் தாப்பா ரோட்டில் வண்டி ஓட்டுவது சிரமம். "தம்பி, அந்தச் செக்கிங்க ஸ்கிப் பண்ணிட்டு ஏத்துலா. நாங்க எல்லா எஸ்டேட்டுலயும் அப்படித்தான் செய்றோம்."

"எல்லா எஸ்டேட்டுலயும் கோப்பு காணாம போச்சாண்ணே?"

நான் கிண்டலாகக் கேட்கவில்லை. எனக்கு உண்மையிலேயே தெரிய வேண்டியிருந்தது. ஆனால் கங்காணி சிரித்துவிட்டார். அண்ணன் முகம் கறுத்தது. அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்து மேசைமேல் வைத்தார். "இதுல இருக்கு. நெட்டே வேணாம். போட்டா அஞ்சு நிமிசம்."

அதைச் செருகிப் பார்த்தேன். மென்பொருள் இருந்தது. முத்திரை இல்லை. யார் செய்தது, வழியில் யார் கை வைத்தது என்று சொல்ல அதில் எந்த அடையாளமும் இல்லை. பையில் போட்டுக் கொண்டு வந்த ஒரு மனிதரின் வார்த்தை மட்டும்தான் இருந்தது. களஞ்சியம் சரியில்லை என்று கம்ப்யூட்டர் சொல்கிற அதே நாளில், முத்திரை இல்லாத ஒன்றை ஒருவர் அவசரமாகக் கொடுக்கிறார். என் மண்டைக்குள் ஒரு கணக்கு ஓடியது. கோப்புகளை அழித்தது இவர்கள் மென்பொருளாகவே இருந்தால்? புதுப் பதிப்பு திருடனைக் காட்டுமா, தடயத்தைத் துடைக்குமா?

"இத ஏத்த மாட்டேங்கய்யா" என்று பெரிய கிராணியிடம் சொன்னேன்.

"ஏன்?"

"யாரு பண்ணதுன்னு தெரியல."

"கம்பெனிக்காரரு முன்னாலயே நிக்கிறாரு, யாரு பண்ணதுன்னு தெரியலங்கிற?" அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இல்ல, ஏத்துனா ஏதாச்சும் தெரிஞ்சிரும்னு பயப்படுறியா? ஒங்கம்மாவும் இந்தத் தராசுலதான நிறுக்குறாங்க."

அக்கா விளக்குமாற்றை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "தம்பி, ஒனக்கு எதுக்கு வம்பு. அவரு சொல்றத ஏத்திருப்பா. நான் ஒன்னும் அழிக்கல. எது வந்தாலும் அதானே காட்டும்?"

அந்த 'எது வந்தாலும்' என்ற சொல்தான் எனக்குப் பயமாக இருந்தது. எது வேண்டுமானாலும் காட்டலாம். சாவி ஒருத்தரிடம் இருக்கும்போது மென்பொருளும் அவரைத்தானே காட்டும்?

அப்போது ரிங்லெட் பக்கமிருந்து முதல் இடி கேட்டது.

எங்கள் லைனில் இடி கேட்டால் எல்லாரும் ஒரே வேலையைத்தான் செய்வார்கள். முன்பு ஒரு வருடம் மின்னல் இறங்கி ஒரே சாயங்காலத்தில் பல வீட்டு டிவி எரிந்துபோனது. அதிலிருந்து, இடி தூரத்தில் உறுமினாலே மெயினை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கண்ணாடிக்குத் துணி போர்த்தி உட்கார்ந்துவிடுவார்கள். சிலர் இடிக்குக்கூடக் காத்திருப்பதில்லை. பொழுது சாய்ந்தால் பிடுங்கிவிடுவார்கள். அக்கா விளக்குமாற்றைப் போட்டுவிட்டு நேராக மேசைக்குப் பின்னால் போனார். யாரிடமும் கேட்கவில்லை. சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினார். திரை செத்தது.

"பாத்தீங்களா" என்றார் ஈப்போ அண்ணன். "பாத்தீங்கள்ல? நம்ம முன்னாலயே."

"இடி இடிக்குதுங்க" என்றார் அக்கா.

"இடிக்கும் கோப்புக்கும் என்னாங்க சம்பந்தம்?"

"எரிஞ்சி போச்சுன்னா அதையும் நாந்தான் எரிச்சேன்னுவீங்க."

மழை தகரக் கூரையில் கொட்ட ஆரம்பித்தது, அப்புறம் யார் பேசினாலும் கேட்காது. நாங்கள் ஐந்து பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றோம். அக்கா பிளக்கைக் கையிலேயே வைத்திருந்தார். நான் ஈப்போ அண்ணனின் பென்டிரைவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னலில் வைத்திருந்த அந்தக் கைப்பேசி வழியாக நான்தான் எதையோ அனுப்பிவிட்டேன் என்று அவர் நினைத்திருக்கக்கூடும்.

மழை ஓய்ந்ததும் அக்கா பிளக்கைச் செருகினார். கம்ப்யூட்டர் எழுந்திருக்கும்போது திரையில் வரி வரியாக ஓடும். வழக்கமாக யாரும் படிக்க மாட்டார்கள். அன்று நான் ஒவ்வொரு வரியையும் படித்தேன், சந்தேகத்தோடு படித்தேன். கடைசிக்குச் சற்று முன்னால் தேதி வந்தது. ஜனவரி முதல் தேதி. இந்த வருடத்து ஜனவரி அல்ல. நான் இடைநிலைப் பள்ளிக்குக்கூடப் போகாத காலத்து ஒரு ஜனவரி.

எடைக் கோப்புகள் இருக்கும் இடத்துக்குப் போய்ப் பட்டியலைப் பார்த்தேன். கோப்பின் பெயரே அந்தந்த நாளின் தேதிதான். எல்லாருமே பட்டியலின் கடைசியைத்தான் பார்த்திருக்கிறோம், புதியது அங்கேதானே இருக்கும். நான் மேலே போனேன். பட்டியலின் உச்சியில், தராசு வாங்குவதற்கும் முந்தைய அந்த ஜனவரி முதல் தேதியில் ஒரு கோப்பு இருந்தது. திறந்தேன். அன்று காலையில் நானே நின்று பார்த்த நிறுவை அதில் இருந்தது. அம்மாவின் கூடையும் இருந்தது.

புரிந்தது. கம்ப்யூட்டருக்குள் ஒரு சின்ன பேட்டரி உண்டு. மின்சாரம் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அக்கா தினமும் சாயங்காலம் பிளக்கைப் பிடுங்கிப் பிடுங்கி வைத்ததில், அது ராத்திரி முழுக்க உழைத்து உழைத்துத் தீர்ந்துவிட்டது. அதன்பின் காலையில் செருகும்போதெல்லாம் கம்ப்யூட்டர் பிறந்த நாளுக்கே திரும்பிப் போயிருக்கிறது. ஒவ்வொரு நாளும் அதே ஜனவரி ஒன்று. ஒவ்வொரு நாள் கோப்பும் நேற்றைய கோப்பின் மேலேயே எழுதப்பட்டிருக்கிறது. களஞ்சியத்தின் சான்றிதழோ அந்த ஜனவரிக்குப் பல வருடம் கழித்துக் கொடுக்கப்பட்டது. இன்னும் பிறக்காத ஆள் கொண்டு வந்த அடையாள அட்டையை யார்தான் நம்புவார்?

கைப்பேசியைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்தினேன். அப்டேட் கட்டளையை மறுபடி அடித்தேன். சான்றிதழ் சரி. முத்திரை சரி. கம்பெனியின் புதுப் பதிப்பு பென்டிரைவிலிருந்து அல்லாமல் களஞ்சியத்திலிருந்தே இறங்கியது.

பெரிய கிராணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்கு அருகே குனிந்தார். "நீ இப்பதான கடிகாரத்துல கை வச்ச. முன்னாலயும் நீயே வைக்கலன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

நியாயமான கேள்வி. "நீங்களே பிடுங்குங்கய்யா" என்றேன்.

சிஸ்டத்தை முறையாக நிறுத்திக் கொடுத்தேன். அவர் தன் கையாலேயே பிடுங்கினார். எங்களையெல்லாம் வெளியே நிற்கச் சொல்லிவிட்டுத் தானே செருகினார். கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஜனவரி ஒன்னு."

ஈப்போ அண்ணன் பென்டிரைவை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "அப்ப எங்க சாப்ட்வேர்ல தப்பில்ல" என்றார். அதையும் நான் முழுதாக நம்பவில்லை. தேதி பின்னால் போனால் எச்சரிக்காமல் பழைய கோப்பின் மேலேயே எழுதுகிற மென்பொருளை எப்படிச் சரி என்பது? ஆனால் பனி இறங்கிக்கொண்டிருந்தது. அவரும் போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை பெரிய கிராணி துரையிடம் சொன்னார். அக்கா வேலையில் நீடிக்கலாம் என்று பதில் வந்தது. விஷயம் அதோடு முடியும் என்று நான் நினைத்திருந்தேன். மலையிலிருந்து இறங்கிய பெண்கள் கூடையைத் தராசில் வைக்க மறுத்தார்கள்.

"என்னாத்தையோ புதுசா ஏத்திருக்கானாமே" என்றார் ஒருவர்.

"அது எடையத் தொடாதுக்கா. கோப்பு மட்டும்தான்."

"மழ நாளு ஈரத்துக்கு எடை கழிக்கிறோம்னப்பவும் இப்படித்தான் சொன்னாங்க."

அம்மா என் பக்கம் பேசுவார் என்று பார்த்தேன். அவர் வீட்டுக்குப் போய், தானா ராத்தா கடையில் வாங்கிய, இன்னும் பிரிக்காத பத்துக் கிலோ அரிசி மூட்டையைத் தூக்கி வந்து தராசில் வைத்தார். பத்து என்று காட்டியது. எல்லாரும் கங்காணியைப் பார்த்தார்கள்.

"அரிசிக்காரன் ஏமாத்தலன்னு எப்படித் தெரியும்?" என்றார் அவர்.

யாரும் சிரிக்கவில்லை. இன்னொரு வீட்டிலிருந்து, வேறு கடையில் வாங்கிய சீனி மூட்டை வந்தது. இரண்டும் ஒத்துப்போன பிறகுதான் முதல் கூடை ஏறியது. அம்மா தன் சீட்டை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, முந்தானையில் முடிந்துகொண்டார்.

பேட்டரியை நான் தானா ராத்தாவில் கைக்கடிகாரம் ரிப்பேர் செய்யும் கடையில் வாங்கினேன். வட்டமாக, சில்லறைக் காசு அளவில் இருக்கும். ஆபீசில் எழுதி வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லியும் அக்கா கேட்கவில்லை. "என் வீடு இதுலதான நிக்குது, நானே வாங்குனதா இருக்கட்டும் தம்பி" என்று காசை என் கையில் திணித்தார். அன்று சாயங்காலமும் பொழுது சாய்ந்ததும் பிளக்கைப் பிடுங்கினார். நான் தடுக்கவில்லை. மறுநாள் காலை அவர் கொட்டகையைத் திறக்கும் முன்பே போய் நின்று, திரையில் தேதி வரும்வரை பார்த்தேன். சரியாக இருந்தது. அதற்கடுத்த நாளும் போனேன்.

மாதக் கடைசியில் ஈப்போ கம்பெனியின் பில் வந்தது. மலையேறி வந்ததற்கும் 'கோப்பு அழிப்பு விசாரணை'க்கும் சேர்த்து என்று எழுதியிருந்தது. ஆபீஸ் கொடுத்தது நானூற்று இருபது வெள்ளி. அக்கா பேட்டரிக்குக் கொடுத்தது ஐந்து.