கத்திக்குள் ஒரு தகரத் துண்டு

எழுதிப் பழக்கமில்லாதவள் நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துபோயிற்று. பிழை இருக்கும், முன்பின் மாறியும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். வருஷக் கணக்கெல்லாம் மறந்துவிட்டது... ஒன்று மட்டும் மறக்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் கொழுந்தனார் வேலு அன்றைக்குக் குடித்திருக்கவில்லை. அவர் விரல்களை அறுத்தது என் கைவேலை. தெரிந்தும் நான் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தது மட்டுமா? தெரியவிடாமலும் செய்தேன்!

நாங்கள் கடல் தாண்டி மாயாபந்தர் துறைமுகத்துக்குப் போனது அறுபதுகளின் தொடக்கமாக இருக்க வேண்டும். வீட்டுக்காரருக்கு ஜெட்டி ஸ்டோரில், அதாவது படகுத்துறைக் கிடங்கில், வேலை. ஜெட்டிக்குப் பக்கத்திலேயே குவார்ட்டர்ஸ். கத்தரிக்குப் பாத்தி வெட்டும்போது மண்ணுக்குள்ளிருந்து ஒரு மடக்குக் கத்தி கிடைத்தது. சண்டைக் காலத்தில் ஜப்பான்காரன் விட்டுப்போனது என்றார்கள். துருப்பிடித்த இரும்புக் கட்டியாக இருந்தது. தேங்காயெண்ணெயில் மூன்று நாள் ஊறப்போட்டேன். நாலாம் நாள் அலகு மெல்ல வெளியே வந்தது பாருங்கள்... அந்த நிமிஷம் பிடித்தது எனக்கு அந்தப் பைத்தியம்.

அப்புறம் கப்பல் ஆட்களிடமிருந்து ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. ஜெர்மன் கத்தி, சீமைக் கத்தி, இரட்டை அலகுக் கத்தி. நான் கருவாடு கொடுப்பேன், ஊறுகாய் கொடுப்பேன். வீட்டுக்காரர் கத்தி வாங்கி வருவார். மொத்தம் பதினொன்று, ஒரு பிஸ்கட் டின்னில். பழைய பிடியைக் கழற்றிவிட்டு, ஒன்றுக்குப் படாக் மரம், ஒன்றுக்கு மான்கொம்பு, ஒன்றுக்குச் சிப்பி என்று புதிதாக வைத்து, உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து மினுக்குவேன். ஒரு பெண்பிள்ளைக்கு இது என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் தெரியவில்லை. கை நடுங்காமல் நான் செய்த ஒரே வேலை அதுதான்.

வெளியாருக்கு அது வீட்டுக்காரர் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆள் வந்தால் டின்னைத் திறந்து அவர்தான் காட்டுவார்.

“அண்ணாச்சி, கையா இது! பொன்னுல்ல!” என்பார்கள். அவரும் மறுக்கமாட்டார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

வேலு மட்டும் கண்டுபிடித்துவிட்டார். தீவுகளுக்குள் ஓடும் சர்க்கார் படகில் அவர் லஸ்கர். கயிறு கட்டுவது, அவிழ்ப்பது, நங்கூரம் இறக்குவது அவர் பாடு. கல்யாணமாகவில்லை, சாப்பாடு எங்கள் வீட்டில்.

“எங்க அண்ணனுக்கு ஆணியே நேரா அடிக்க வராது. காலண்டர் மாட்டப் போயி செவுத்தையே பேத்த ஆளு! இது யாரு கைன்னு எனக்குத் தெரியும் மதினி.”

“மெதுவா பேசுங்க தம்பி. அவங்க காதுல விழுந்துறப் போகுது.”

“அப்ப எனக்கு ஒண்ணு குடுங்க. வாயத் திறக்க மாட்டேன்.”

கொடுத்தேன். இருந்ததிலேயே அழகானதை, சிப்பிப் பிடி போட்டதைக் கொடுத்தேன்.

இங்கேதான் நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும். மடக்குக் கத்தியின் முதுகில் ஒரு எஃகுப் பட்டை உண்டு. அது விறைப்பாக அழுத்திக்கொண்டிருப்பதால்தான் விரித்த அலகு மடங்காமல் நிற்கும். விறைப்பு அதிகமென்றால் திறக்கும்போது நகம் பெயரும். பூப்போலத் திறக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அந்தப் பட்டையை அரத்தால் ராவி ராவி மெலிதாக்கியிருந்தேன். கட்டைவிரல் பட்டால் போதும், திறந்துகொள்ளும். அழகு! பழம் நறுக்கலாம், காகிதம் வெட்டலாம். ஆனால் குத்தி அழுத்தினால் மடங்கிவிடும்... லஸ்கர்கள் இறுகிய முடிச்சில் கத்தி முனையைக் குத்தி நெம்புவார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். “குத்தி நெம்பாதீங்க தம்பி.” அவ்வளவுதான்! ஏன் சொல்லவில்லை? என் கத்தியில் குறை உண்டு என்று என் வாயால் சொல்ல மனசு வரவில்லை. வேறு காரணம் எதுவும் இல்லை.

ஒரு மாதம் போயிருக்கும். காற்றடித்த ஒரு காலை. படகு ஜெட்டியில் அணையும்போது முடிச்சு நனைந்து இறுகிவிட்டது. வேலு கத்தியைக் குத்தி நெம்பினார். அலகு மடங்கி இரண்டு விரல்களின் நரம்பை அறுத்துவிட்டது. கயிறு அவிழவில்லை. படகு மோதி ஜெட்டிப் பலகைகள் உடைந்தன, ஒரு பெரியவர் விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டார்.

விசாரணை வரும் என்று வீட்டுக்காரர் கத்தியைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். “பத்திரமா வையி. சாப் கேப்பாரு.”

மத்தியானம் அவர் ஸ்டோருக்குப் போனதும் கதவைச் சாத்தினேன். ரத்தத்தைக் கழுவினேன். பிடியைச் சேர்த்துப் பிடித்திருக்கும் ஆணியைத் தட்டி எடுத்து, பால்பவுடர் டின்னிலிருந்து ஒரு சிறு தகரத் துண்டு வெட்டி, அந்த எஃகுப் பட்டைக்கு அடியில் செருகி மறுபடி இறுக்கினேன். கை நடுங்கவில்லை... அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை, கை நடுங்கவே இல்லை!

மறுநாள் ஆபீசிலிருந்து விசாரணை அதிகாரி, ஒரு பெங்காலி சாப், வீட்டுக்கே வந்தார். கத்தியைத் திறந்தார், மடக்கினார். டக்! டக்!

“சாக்கு தோ டீக் ஹை” என்றார். கத்தி சரியாகத்தான் இருக்கிறதாம். கையில் கட்டோடு நின்ற வேலுவைப் பார்த்து, “தாரு பியா தா?”, குடித்திருந்தாயா என்று கேட்டார். சம்பள நாளில் வேலு குடிப்பது ஊருக்கே தெரியும்.

“நஹி சாப், சத்தியமா இல்ல. மதினி, நேத்து காலையில உங்க கையாலதானே சாப்பிட்டுப் போனேன், நீங்களாச்சும் சொல்லுங்க.”

நான் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு, “நான் அடுப்படியில இருந்தேன், பாக்கல” என்றேன்.

வேலு என்னை ஏறிட்டுப் பார்த்தார். சந்தேகம் வந்துவிட்டது என்று நினைத்தேன். அவர் சொன்னது வேறு. “கத்தி மேல குத்தமில்ல சாப். அது நல்ல கையி செஞ்ச கத்தி.”

யார் கை என்று அப்போதும் அவர் சொல்லவில்லை.

வேலை போயிற்று. விரல் இரண்டும் மடங்கவில்லை. அதையும் பொறுத்திருப்பேன்... சில மாதம் கழித்து ஒருநாள் சோற்றைப் பிசைய முடியாமல் பிசைந்துகொண்டே கேட்டார்.

“ஒருவேளை குடிச்சிருந்தேனோ மதினி? எல்லாரும் சொல்றாங்க. எனக்கே இப்பச் சரியா நெனப்பு வரமாட்டேங்குது.”

நான் ரசம் ஊற்றினேன்.

அதற்கப்புறம்தான் அவர் நிஜமாகவே குடிக்கத் தொடங்கினார். தெற்குக் கோடித் தீவில், கேம்பல் பேயில், ரோடு வேலைக்கு மேஸ்திரியாகப் போகிறேன் என்று கப்பலேறினார். அங்கேயே முடிந்துபோனார். குடிதான் என்று தந்தி வாசகம் சொன்னது. வீட்டுக்காரர், “கேட்டாத்தானே” என்றார். அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். இனி யாரிடம் சொல்வேன்? அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். மன்னியுங்கள் என்று கேட்கவில்லை. யாரிடம் கேட்க வேண்டுமோ அவர் இல்லை.

பத்துக் கத்திகளைக் கடலில் எறிந்துவிட்டேன். சிப்பிப் பிடி போட்டது மட்டும் இருக்கிறது. இன்றைக்கும் திறந்தால் டக்கென்று நிற்கிறது.

வயசாகிவிட்டது, நானே இதைக் கற்பனை பண்ணிக்கொண்டேனோ என்று சில நாள் தோன்றுகிறது... வேலுவுக்குத் தோன்றியதுபோல. அதனால் ஓர் உதவி. கத்தி வேலை தெரிந்தவர்கள் யாராவது வந்து அந்த ஆணியைத் தட்டி எடுத்துப் பாருங்கள். எஃகுப் பட்டைக்கு அடியில் தகரத் துண்டு இருக்கிறதா என்று பார்த்து, இருப்பதை இருக்கிறபடி சொல்லுங்கள்.