மழையில் நனைந்த கோதுமை நாற்றுகள்

யுத்தத்தால் அரிசி கிடைக்காத வருடம், எங்கள் ஊரான குன்னத்துக்கு ஒரு விவசாய அதிகாரி வந்தார். ஒல்லியான மனிதர், காக்கி அரைக்கால்சட்டை. எங்கள் கொல்லையில் மரப்பெட்டிகளில் பலவகைக் கோதுமையை முளைக்க வைத்து, பிறகு தண்ணீரை நிறுத்திவிட்டார். தினமும் மத்தியானம் குனிந்து, சுருண்ட இலைகளை விரலால் நீவிப் பார்ப்பார்.

"கெணத்துல தண்ணி கெடக்குதே சார், ஏன் சாவடிக்கிறீங்க?" என்றேன்.

"கெணறு இல்லாத காட்டுல எது பொழைக்கும்னு பாக்கறேங்க."

ஒருநாள் பருவம் தப்பிய மழை கொட்டியது. ஊரே சந்தோஷப்பட்டது. அவர் மட்டும் ஓடிவந்து, மேல்சட்டையைக் கழற்றிப் பெட்டிகளை மூடப் பார்த்தார். முடியவில்லை. மறுநாள் எல்லா நாற்றும் ஒன்றுபோல நிமிர்ந்து நின்றன.

"எது தாங்கும்னு இனிமே எப்படிங்க தெரியும்?" என்று ஒரு பெட்டியை எட்டி உதைத்தார். உடனே குனிந்து, சிந்திய மண்ணை அள்ளி வேரை மூடினார்.

மழை பெய்ததற்காக ஒருவரை எப்படித் தேற்றுவது? எனக்கு இன்றும் தெரியவில்லை.