போஸ்டர் கள்ளியின் முதுகு

வெல்டா பிரூயிட்டின் சமையலறை ஜன்னலுக்கு நேரே, வேலிக்கு அந்தப் பக்கம், பக்கத்து வீட்டு ஜோனெல்லின் சகுவாரோ நிற்கிறது; மரம்போல் உயர்ந்து கைகள் விடும் கள்ளி அது. ஊர் பார்ப்பது அதன் முகத்தை. வெல்டாவுக்கு வாய்த்தது முதுகு. ஆறு வருடமாகக் காலைக் காப்பியோடு அவள் அந்த முதுகைத்தான் பார்த்து வருகிறாள். காப்பி ஆறும், வயிறு ஆறாது.

டூசான் நகருக்கு மேற்கே ஆவ்ரா பள்ளத்தாக்கில், கள்ளிப் பூங்காவின் வேலியை உரசிக்கொண்டு ஒரு பெரிய நெடுஞ்சாலை வரப்போகிறது என்று சாலைத் துறை ஆட்கள் வரைபடத்தில் நீலக்கோடு இழுத்த நாளிலிருந்து ஊர் இரண்டாகிவிட்டது. ஒரு வீட்டில் புருஷன் 'வேண்டும்' என்றும் பெண்டாட்டி 'வேண்டாம்' என்றும் வாசலில் தனித்தனிப் பலகை நட்டார்கள். நாய் ஒன்றுதான் இரண்டு பக்கமும் போய்வந்தது. நீலக்கோடு வெல்டாவின் கோழிக்கூட்டிலிருந்து கூப்பிடு தூரம். கோடு சாலையானால் ராத்திரியும் பகலும் லாரிச் சத்தம். அவள் பிறந்த மண்ணில் அவளுக்கே தூக்கம் கிடையாது. அதனால் ஊரிலேயே முதல் 'வேண்டாம்' பலகை நட்டவள் அவள்தான். ஆனால் 'வேண்டாம்' கட்சி அடித்த போஸ்டரில் வந்தது ஜோனெல்லின் கள்ளி.

வந்ததற்குக் காரணம் இருந்தது. அதன் ஒரு கை, வாசல் சாலையைப் பார்த்து, போக்குவரத்துப் போலீஸ்காரர் கையைப் போல நிமிர்ந்து நின்றது. கீழே எழுத்து: 'இருநூறு வருடமாக இங்கேயே நிற்கிறேன். என்னைத் தாண்டாதே.' தபால் நிலையம், தீவனக்கடை, தேவாலய வாசல் என்று எல்லா இடத்திலும் அது கை காட்டியது. டி.வி.க்காரர்கள் வந்தார்கள். ஜோனெல் லிப்ஸ்டிக் போட்டுக்கொண்டு கள்ளியின் பக்கத்தில் நின்று கண் கலங்கினாள்.

"பாத்தியா ஆர்லோ?" என்றாள் வெல்டா புருஷனிடம். "நம்ம பின்கட்டுல ஏழு கையோட ஒண்ணு நிக்குது. யாராவது எட்டிப் பாத்தானா?"

"நம்மதோட ஒரு கை முதுகு சொறியுற மாதிரி வளைஞ்சிருக்கு கண்ணு. அதைப் போட்டா சாலை நிக்காது, சிரிப்புதான் வரும்."

வெல்டா பருத்தி பொறுக்கியவர்களின் மகள். முப்பத்தொரு வருடம் மஞ்சள் பள்ளிப் பேருந்து ஓட்டினாள். அவள் ஓட்டிய தூரத்தை நேராக நீட்டினால் நிலாவுக்குப் போய்த் திரும்பி, மணி அடிப்பதற்குள் பிள்ளைகளை இறக்கியும் விட்டிருக்கலாம். ஜூன், ஜூலையில், நிழலே வெயிலுக்குப் பயந்து மரத்தடியை விட்டு நகராத மாதங்களில், பள்ளிக்கூடம் மூடியிருக்கும். அப்போது கள்ளி பெயர்த்து நடுகிறவர்களுக்கு லாரி ஓட்டப் போவாள். பழைய கம்பளம் விரித்த தொட்டிலில், இரண்டு டன் எடையுள்ள சகுவாரோவைக் கைக்குழந்தை மாதிரிப் படுக்க வைத்து ஓட்டுவாள். அந்த வேலையில் முதல் பாடம் ஒன்றுதான்: தோண்டுவதற்கு முன்னால் கள்ளியின் தெற்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு நாடா கட்டு. நடும்போது நாடா தெற்கையே பார்க்க வேண்டும். தெற்குத் தோல் வெயிலில் பழுத்த தோல். வடக்குத் தோல் வெயில் காணாத பிள்ளைத்தோல். திருப்பி நட்டால் வெந்துபோகும்.

ஆறு வருடத்துக்கு முன் ஜோனெல் சிகாகோவிலிருந்து வந்து பக்கத்து வீட்டை வாங்கினாள். முதல் மாதம் நீச்சல் குளம் வெட்டினாள். இரண்டாவது மாதம் ஒரு சகுவாரோ லாரியில் வந்து இறங்கியது. நாடா சரியாகத்தான் கட்டியிருந்தார்கள். ஆனால் ஜோனெல் குளக்கரையில் நின்றபடி, "அந்தக் கையைச் சாலைப் பக்கம் திருப்புங்கப்பா, வர்றவங்களுக்கு வணக்கம் சொல்ற மாதிரி இருக்கும்!" என்றாள். சாலை வடக்கே. நாடா வடக்கே திரும்பியது. வந்த ஆட்கள் தங்களுக்குள் முணுமுணுத்தார்கள், வீட்டுக்காரிக்கு விளங்கவில்லை, நட்டுவிட்டுப் போனார்கள்.

அப்போது வெல்டா வேலியோரம் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை கத்தியிருந்தால் போதும். நாலு பேர் கிரேனோடு நின்றார்கள். அவள் வாயில் துணிக் கிளிப் இருந்தது. அதை எடுக்கவில்லை.

இப்போது அந்த முதுகில், வெல்டாவுக்கு மட்டும் தெரியும் இடத்தில், தோசை தீய்ந்த மாதிரி ஒரு பழுப்புத் தழும்பு ஆளுயரத்துக்கு இறங்கியிருக்கிறது.

போஸ்டர் ஒட்டிய மூன்றாவது வாரம் தீவனக்கடையில் டுவெய்ன் ராஸ்கோ எதிரே வந்தான். ஜல்லிக் குவாரிக்காரன், சாலை வந்தால் அவனுக்குக் கொண்டாட்டம். "என்ன வெல்டா, உங்க கட்சித் தலைவர் கள்ளி சுகமா?" என்று சீண்டினான்.

"தலைவரா? இருநூறு வருஷமா இங்கேயே நிக்குதாம்! ஆறு வருஷத்துக்கு முன்னாடி லாரியில வந்துச்சு. நான் கண்ணால பாத்தேன்!"

சொன்னதும் வாயெல்லாம் இனித்தது. டுவெய்ன் சட்டென்று தீவன மூட்டையைத் தூக்கிக்கொண்டு போன விதம்தான் சரியில்லை.

சாலையைப் பற்றித் துறை ஆட்கள் ஊராரின் கருத்தைக் கேட்கும் கூட்டம் பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில், ஒரு சாயங்காலம். பேச விரும்புகிறவர் சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். ஆளுக்கு மூன்று நிமிடம். மேசைமேல் சின்ன விளக்கு: பச்சை, மஞ்சள், சிவப்பு. ஜோனெல் போஸ்டர் போட்ட சட்டையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

டுவெய்ன் எழுந்தான். "அந்த போஸ்டர்ல இருக்கிற கள்ளி லாரியில வந்தது. இல்லேன்னு ஜோனெல் சொல்லட்டும்."

ஜோனெல்லின் முகம் மாவாக வெளுத்தது. போஸ்டரில் 'இருநூறு வருடம்' என்ற எழுத்து வேறு யாரோ போட்டது. அவள் மறுக்காமல் விட்டவள். வெல்டாவுக்கு நெஞ்சில் ஐஸ் போட்ட எலுமிச்சைச் சாறு இறங்கியது. ஒரே ஒரு மிடறுதான்.

"நான் அவங்களைக் குத்தம் சொல்லல," என்று டுவெய்ன் குழைந்தான். "சந்தோஷமா சொல்றேன். பெயர்த்து நட்டு ஆறு வருஷமாச்சு. ஜம்முன்னு நிக்குது! அப்ப கோட்டுல இருக்கிற அத்தனை கள்ளியையும் பெயர்த்து வேற எடத்துல நட்டுட்டுச் சாலையைப் போடுங்க. சண்டை தீர்ந்தது."

கூடத்தில் பாதித் தலைகள் ஆடின. 'வேண்டாம்' தலைகளும் சில ஆடின. துறை ஆள் குனிந்து குறித்துக்கொண்டார். அடுத்த சீட்டில் இருந்த பெயர் வெல்டா பிரூயிட்.

அவள் எழுதி வைத்திருந்த தாளை மடித்துப் பைக்குள் போட்டாள். பச்சை விளக்கு எரிந்தது.

"டுவெய்ன் சொன்னது நிஜம். அவனுக்குச் சொன்னதே நான்தான். ஆனா ஜம்முன்னு நிக்குதுன்னான் பாருங்க, அது தப்பு. பெயர்த்த சகுவாரோ உடனே சாகாது. உள்ள இருக்கிற தண்ணியைக் குடிச்சிக்கிட்டே வருஷக்கணக்கா நிக்கும். செத்துக்கிட்டிருக்குன்னு பாக்கிறவனுக்குத் தெரியாது. நானே லாரியில நாப்பது, அம்பது கொண்டுபோயிருக்கேன். பெரிசுல பாதிக்கு மேல இன்னிக்கு இல்ல. ஜோனெல்லோடதும் போயிட்டிருக்கு. பின்பக்கம் வந்து பாருங்க, வெந்து கெடக்கு. திசை மாத்தி நட்டாங்க."

ஜோனெல் எழுந்துவிட்டாள். "உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"குறுக்கே பேச வேண்டாம், அம்மா," என்றார் துறை ஆள்.

"நட்ட அன்னிக்கே," என்றாள் வெல்டா.

"ஏன்டி சொல்லல?"

மஞ்சள் விளக்கு. இருநூறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அதில் நூறு பேர் அவள் பேருந்தில் மூக்கு ஒழுகப் போனவர்கள்.

"பொறாமை. உனக்கு நீச்சல் குளம் இருந்துச்சு. எனக்கு மாட்டுத்தொட்டி. அதுக்கு மேல கள்ளியும் வந்து இறங்குச்சு. என்னால தாங்க முடியல."

சிவப்பு. முப்பத்தொரு வருடம் சிவப்புக்கு நின்று பழகியவள். வாய் தானாக மூடிக்கொண்டது.

துறை ஆள் தான் குறித்த வரியின்மேல் ஒரு கோடு இழுத்ததை முன்வரிசை பார்த்தது. பெயர்த்து நடுவது சரிப்படாது, பாதையை மறுபடி ஆராய்கிறோம் என்று அடுத்த வாரம் கடிதம் வந்தது. நீலக்கோடு அழியவில்லை; ஆனால் படுத்துவிட்டது.

பிறகு நடந்ததைத்தான் வெல்டாவால் சகிக்க முடியவில்லை. 'ஐயோ பாவம், அவள் கள்ளி சாகிறதாம்' என்று ஊரே ஜோனெல் வீட்டு வாசலில் கார் நிறுத்தியது. வறுவல், கேக், சோளமாவில் அவித்த தமாலே எல்லாம் வந்தன. டி.வி. மறுபடி வந்தது. புது போஸ்டர் அடித்தார்கள். இந்தத் தடவை அந்த வெந்த முதுகு. 'பெயர்த்தால் இதுதான் கதி.' ஆறு வருடமாக வெல்டாவுக்கென்று இருந்த ஒரே காட்சி. அதுவும் தபால் நிலையத்துக்குப் போய்விட்டது.

வெல்டாவும் ஒரு பீக்கன் கொட்டை கேக் செய்து எடுத்துக்கொண்டு போனாள். ஜோனெல் கதவைத் திறந்து, கேக்கைப் பார்த்தாள், ஆளைப் பார்த்தாள்.

"ஆறு வருஷம் ஜன்னல்ல நின்னு பாத்தியா?"

"தினமும்."

"அங்க வை. ஒன்பதாவது கேக்." கதவை அறைந்து சாத்தவில்லை, திறந்தும் வைக்கவில்லை.

வீட்டுக்கு வந்த வெல்டா நேரே பின்கட்டுக்குப் போய்த் தன் ஏழு கைக் கள்ளியின் முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றாள். "ஏழு கை இருந்து என்ன பிரயோஜனம்? ஒரு தழும்பு உண்டா உங்கிட்ட? சின்னதா ஒரு சீக்கு? கெடா மாதிரி நிக்கிற!"

"உள்ள வா வெல்டா," என்றான் ஆர்லோ கதவருகிலிருந்து. "அதுக்கும் ஏதாவது வந்துரப்போகுது."

"வரட்டுமே!" என்றாள் அவள். சொல்லிவிட்டு, முள்ளுக்கு நடுவே ஒற்றை விரலை விட்டு, அதன் தெற்குத் தோலை மேலிருந்து கீழாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.