நடிகருக்கும் புஷ்பத்துக்கும் ஒரே பின்னூட்டப் பெட்டி

அடுத்தவர் வலைப்பூவுக்குத் தட்டச்சு செய்து கொடுப்பது கல்யாண வீட்டுச் சமையல் மாதிரி. நன்றாக இருந்தால் மாப்பிள்ளை வீட்டுக்குப் பேர், உப்புக் குறைந்தால்தான் நம்மைத் தேடுவார்கள். கோத்தகிரி பக்கம் அரவேணுவில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. தமிழில் தட்டத் தெரியாதவர்கள் சொல்லச் சொல்ல, நான் தட்டி ஏற்றிக் கொடுப்பேன். இந்தக் காலத்தில் யாரய்யா வலைப்பூ எழுதுகிறார்கள் என்று கேட்காதீர்கள். எங்கள் பக்கம் மழை பிடித்தால் வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கும். எழுத்து மட்டும் எப்படியோ வந்து சேர்ந்துவிடும். யாராவது படித்தார்களா என்று திறந்து திறந்து பார்த்து நொந்துபோகிற வலைப்பூக்காரர் நீங்கள் என்றால், மற்ற சங்கடங்களை நான் சொல்லவா வேண்டும்!

முதல் பின்னூட்டம்

ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்த நடிகர் ஒருவர், எஸ்டேட் ஓரத்தில் பழைய பங்களா ஒன்றை வாங்கிக் குடிவந்தார். பேர் வேண்டாம், எதற்கு வம்பு. என்னை வரச் சொல்லி, கூடத்தில் மேலும் கீழும் நடந்தபடி முதல் பதிவைச் சொன்னார். தலைப்பு 'மலையும் மௌனமும்'. சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்குக் கை வலித்தது.

ரசிகர்கள் திரண்டு வந்து எழுதுவார்கள் என்று காத்திருந்தார். வெகு நாளைக்கு ஈ, காக்கை இல்லை. கடைசியில் ஒன்று வந்தது. அனுப்பியவர் முருகேசன், கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குக் காய்கறி வண்டி ஓட்டுகிறவர். நடிகர் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு படிக்கச் சொன்னார். படித்தேன்: "நல்லா இருக்குதுங்க சார். உங்க ஊட்டு நாய் தெனமும் என்ற வண்டியத் தொரத்துது, கொஞ்சம் கட்டிப் போடுங்க."

மரம் விழுந்த செய்தி

முருகேசனுக்கும் ஒரு வலைப்பூ உண்டு. மலைப்பாதையில் எந்த வளைவில் மண் சரிந்திருக்கிறது, கீழே குஞ்சப்பனையில் யானை நிற்கிறதா என்று காலையில் போனில் சொல்வார். இரண்டு வரி ஏற்றிவிடுவேன். அதைப் பார்க்காமல் எங்கள் மலையில் ஒரு வண்டியும் கீழே இறங்காது.

அவருக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று நடிகர் எட்டிப் பார்த்துவிட்டார். முகம் சுண்டிப்போயிற்று. அப்படி என்னதான் எழுதுகிறான் என்று கேட்டார். ரோட்டில் மரம் விழுந்தால் எழுதுவார் என்றேன். ஜன்னல் வழியாகத் தோட்டத்தை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, நம்ம பங்களாவுல ஏதாவது மரம் விழுந்திருக்கா, போய்ப் பாரு."

புஷ்பம் சொன்னது

புஷ்பம் அதே எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவள். அப்பா அம்மா சிலோன் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். லயத்து ஜனங்கள், அதாவது எஸ்டேட் வரிசை வீடுகளில் இருக்கிறவர்கள், பஸ் ஸ்டாப்புக்குப் போக பங்களாவின் பின்பக்கமாக ஒரு வழி இருந்தது. நடிகர் வந்ததும் அதில் கேட் போட்டுப் பூட்டிவிட்டார். இவர்கள் கேட்கப் போனால் வாட்ச்மேனைத் தாண்ட முடியவில்லை. அவளுடைய மகள் காலேஜ் விட்டு இருட்டும் நேரத்தில் சோலைக்காட்டைச் சுற்றி வர வேண்டியிருந்தது. அது கரடி நடமாடுகிற இடம். கடைக்கு வந்து, தன் பேரில் ஒரு வலைப்பூ தொடங்கி இதைப் போடச் சொன்னாள்.

நடிகருக்கு எழுதித் தருகிற நானேதான் இதையும் தட்ட வேண்டும். ஆனாலும் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் எனக்குள் இருந்த பேச்சாளன் எழுந்துவிட்டான். அவள் சொன்னதற்கு முன்னால் 'அதிகார வர்க்கமே, கேள்!' என்று ஒரு வரி சேர்த்தேன். படித்துக் காட்டியதும் புஷ்பம் கையை நீட்டித் திரையை மறைத்தாள். "அண்ணே, அத அழிங்க. நான் சொன்னத மட்டும் அடிங்க. கரடிக்கு வர்க்கமெல்லாம் தெரியாது."

சோலை வழி

அவள் எழுதச் சொன்னது இவ்வளவுதான்: வழி பூட்டியிருக்கிறது, மகள் கரடிக்காட்டைச் சுற்றி வருகிறாள், சார் ஒரு நாள் சாயங்காலம் அவளோடு நடந்து பார்க்க வேண்டும். முருகேசன் அதைத் தன் பதிவில் இணைக்கச் சொல்லிவிட்டார். மலை ஏறுகிறவர், இறங்குகிறவர் எல்லாம் படித்துவிட்டார்கள்.

நடிகர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். யார் தட்டிக் கொடுத்தது என்று கேட்டார். நான்தான் என்றேன். முறைத்தார். இந்தச் சுற்று வட்டாரத்தில் சொல்லச் சொல்லத் தமிழில் தட்டிக் கொடுக்க வேறு ஆள் இல்லை, என்ன செய்வார், பாவம். பதில் எழுத வேண்டுமானால் மற்றவர்களைப் போல அவரும் புஷ்பத்தின் பதிவுக்குக் கீழேதான் எழுத வேண்டும். அங்கே வாட்ச்மேன் கிடையாது. 'அவசியம் வருகிறேன் சகோதரி' என்று பெருந்தன்மையாகத் தட்டச் சொன்னார். ஒரு பேச்சுக்குச் சொன்னதுதான். மறுநாள் காலை முருகேசன் போனில் எனக்குச் சொன்ன வரி: "குஞ்சப்பனையில மூடுபனி. இன்னிக்குச் சாயங்காலம் நடிகர் சார் சோலை வழியா நடக்கறாருங்க."

திறப்பு விழா

வந்துதான் ஆக வேண்டும், வந்தார். பஸ் ஸ்டாப்பிலிருந்து புஷ்பத்தின் மகளோடு கிளம்பினார், நானும் ஒட்டிக்கொண்டேன். பாதி வழியில் புதருக்குள் ஏதோ உறுமியது. கரடியா, காட்டுப்பன்றியா, யார் நின்று பார்த்தது! படத்தில் பத்துப் பேரை ஒரே கையால் அடித்தவர், அந்தப் பெண்ணின் பையைப் பிடித்துக்கொண்டு ஓடினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கு முன்னால் நான் ஓடிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பூட்டைக் கழற்றச் சொல்லிவிட்டார். நல்ல மனுஷன்தான், அதைச் சொல்லாமல் இருக்கக் கூடாது. ஆனால் சும்மா திறப்பாரா? சாயங்காலம் ரிப்பன் கட்டி, கேட்டுக்கு நடுவே கையை விரித்து நின்று, வலைப்பூவுக்காக என்னைப் படம் எடுக்கச் சொன்னார். இப்படி ஒன்று, அப்படி ஒன்று, சிரித்தபடி ஒன்று. இருட்டிக்கொண்டு வந்தது. லயத்துப் பக்கம் நின்றிருந்த புஷ்பம் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "சார், ரொம்ப நன்றி. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, பின்னால எம் மகள் வாறா."

வலைப்பூ வந்தபிறகு எல்லோருக்கும் சரிசமமாகப் பேச இடம் கிடைத்துவிட்டது வாஸ்தவம்தான். வழிவிடச் சொல்வதற்கு மட்டும் இன்னமும் நேரில் போய் நிற்க வேண்டியிருக்கிறது.