துப்பாக்கிக்குப் பதில் நாற்காலி

பெரும்பாக்கத்தில் எட்டாவது மாடி வீட்டில் துளசிங்கத்துக்கு நெஞ்சுவலி வந்த அன்று, லிப்ட் நின்று பதினோரு நாளாகியிருந்தது. ஸ்ட்ரெச்சர் அந்தப் படிக்கட்டில் திரும்பாது. நோயாளியைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துப் புடவையால் கட்டி, நாலு பேர் தூக்கி இறக்குவதுதான் அங்கே வழக்கம். மூன்றாவது மாடியில் துளசிங்கத்தின் தலை சாய்ந்துவிட்டது. கீழே ஆம்புலன்ஸ் காத்துக்கொண்டிருந்தது.

மகள் உதயாவுக்கு லிப்ட்டின் மேல் வந்த ஆத்திரத்தைவிட அம்மா கிளியம்மாள் மேல் வந்ததுதான் அதிகம். "ஆயுசு அவ்ளோதான், வுடுடி" என்று அவள் சொல்லும்போதெல்லாம் உதயா எழுந்து வெளியே போய்விடுவாள். யாரோ செய்யாமல் விட்ட வேலைக்கு எமன்மேல் பழியா?

உதயா தாம்பரம் மார்க்கெட்டில் மொபைல் ரிப்பேர் பார்க்கிறவள். கம்ப்யூட்டர் விளையாட்டுகளைப் பிரித்து வேறு மாதிரி ஆக்குவதில் கெட்டிக்காரி. 'மோட்' என்பார்கள். மாடி மாடியாகச் சுட்டுத் தள்ளுகிற விளையாட்டு ஒன்றை எடுத்தாள். ஆடுகிறவன் கையிலிருந்த துப்பாக்கியைப் பிடுங்கி நாற்காலியைக் கொடுத்தாள். அதில் கட்டம்போட்ட லுங்கியோடு ஒரு மனிதர். லிப்ட் பொத்தானை எத்தனை முறை அமுக்கினாலும் ஒன்றும் நடக்காது. எவ்வளவு வேகமாகப் படி இறங்கினாலும் மூன்றாவது மாடியில் அவர் செத்துப்போவார்.

தாம்பரத்தைத் தாண்டி ஒரு கல்லூரி விழாவில் அதைக் காட்சிக்கு வைக்கக் கேட்டார்கள். முந்தின வாரமே கொடுத்துவிட்டாள். விழாவன்று அம்மாவோடு போனால், கூட்டம் கைதட்டிச் சிரித்துக்கொண்டிருக்கிறது. திரையில் லிப்ட் ஓடுகிறது! 'வெற்றி' என்று பச்சை எழுத்து வேறு.

"இதுல கை வெச்சது யாரு சார்?"

பொறுப்பாளர் பேராசிரியர் சத்யநாராயணன் சிரித்தார். "நான்தாம்மா பசங்கள விட்டு மாத்தச் சொன்னேன். ஜெயிக்கவே முடியாத கேமை யாரு விளையாடுவா? கொஞ்சம் பாசிட்டிவா இருக்கட்டுமேன்னு."

"எங்க லிப்ட்டைச் சரி பண்ண ஒரு ஆள் வரல. பொம்மை லிப்ட்டுக்கு மட்டும் இத்தனை பேரா?"

உதயா ஒயரைப் பிடுங்கப் போனாள்.

"இருடி, புடுங்காத." கிளியம்மாள்தான். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, பக்கத்துப் பெண் காட்டிக்கொடுத்தபடி பொத்தானை அமுக்கிக்கொண்டிருந்தாள். லிப்ட் வந்தது. நாற்காலி ஏறியது, இறங்கியது. ஆம்புலன்சுக்குள் லுங்கிக்காரர் எழுந்து உட்கார்ந்தார். கிளியம்மாள் மறுபடி அமுக்கினாள். மறுபடியும் அவர் பிழைத்தார். மூன்றாம் முறையும் பிழைத்தார்.

அவள் சத்யநாராயணனைத் திரும்பிப் பார்த்தாள். அம்மாவின் அந்த முகத்தை உதயா அதற்கு முன் பார்த்ததில்லை.

"பொழைச்சிக்கினாரு பாத்தியா சார்? லிப்ட்டு ஓடிச்சி, பொழைச்சிக்கினாரு. எங்க வூட்டுக்காரரு ஆயுசு முடிஞ்சி சாவல சார். அவர சாவடிச்சிட்டாங்க."

கிளியம்மாள் எழுந்து நாற்காலியைச் சத்யநாராயணன் பக்கம் தள்ளினாள்.

"உன்னுதைப் போடு உதயா. சாரு வெளையாடட்டும்."